மூன்று ஊர் சேர்ந்து ஒரு புவிவெப்பக் கிணறு: கையெழுத்துக்கு முன்னால் எதைக் கேட்க வேண்டும்?

மூன்றாம்மாடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது 48 வீடுகள் உள்ள பழைய அடுக்குமாடிக் கட்டடம். குளிர்காலம் முழுக்க எரிவாயு பாய்லரை நம்பித்தான் வாழ்க்கை. போன ஜனவரியில் அது இரண்டு நாள் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர் வீட்டுக்குள்ளேயே கோட்டும் குல்லாவும் போட்டுக்கொண்டு, கைகளைத் தேநீர்க் கோப்பையில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் குடியிருப்போர் குழுவில் சேர்ந்தேன்.

இப்போது எங்கள் ஊரும் பக்கத்து இரண்டு ஊர்களும் சேர்ந்து புவிவெப்பத்தில் வீடுகளைச் சூடாக்கும் திட்டம் ஒன்றைக் கொண்டுவருகின்றன. முதல் ஊரில் கிணறு தோண்ட இடம் இருக்கிறது, நிலவியல் ஆய்வும் அங்கேதான் நன்றாக வந்திருக்கிறது. எங்கள் ஊரில் ஜனம் அதிகம், அதனால் வெப்பத்தை வாங்கப் போவது பெரும்பாலும் நாங்கள்தான். மூன்றாவது, சின்ன ஊர். அங்கே மரச்சீவல் எரிக்கும் பாய்லர் ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.

வரைவு ஒப்பந்தத்தை இரண்டு முறை படித்துவிட்டேன். எந்த ஊருக்கு எத்தனை பங்கு, நிர்வாகக் குழுவில் எத்தனை நாற்காலி என்பதெல்லாம் விரிவாக இருக்கிறது. ஆனால் போர் போட்டு வெந்நீர் வரவில்லை என்றால் அந்தப் பணம் யாருடையது என்று ஒரு வரிகூட இல்லை. இப்படிப் பல ஊர்கள் சேர்ந்து செய்து நன்றாக ஓடும் இடங்கள் உண்டா? ஒரே கிணற்றை நம்பி எல்லாரும் இறங்கலாமா? சூரிய வெப்பம், ஹீட் பம்ப் (குறைந்த சூட்டை மின்சாரத்தால் உயர்த்தித் தரும் இயந்திரம்), மரச்சீவல் இதையெல்லாம் இதோடு சேர்க்க முடியுமா? அடுத்த மாதம் கூட்டம். நான் எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

குழாய்வழி எழுதியது:

தம்பி, நான் 11 வருடமாக ஒரு புவிவெப்ப வலையில், அதாவது வீடுகளுக்கு வெந்நீர்ச் சூட்டைக் கொண்டுபோகும் குழாய் வலையில், வேலை பார்க்கிறேன். கட்டடங்களின் அடித்தளத்தில் இருக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர்களை, அதாவது இரண்டு நீரும் கலக்காமல் ஒன்றின் சூட்டை மற்றதற்கு மாற்றும் கருவிகளைப் பராமரிப்பது என் வேலை. அதனால் நான் பார்ப்பது கிணற்றை இல்லை, கிணற்றுச் சூடு கடைசியில் போய்ச் சேரும் இடத்தை. என் பதிலும் அங்கிருந்துதான் வரும்.

முதலில் நல்ல செய்தி. நீங்கள் கேட்பது புதிது இல்லை. ஐஸ்லாந்தில் டெய்ல்டார்துங்குக்வேர் என்ற வெந்நீர் ஊற்று இருக்கிறது. நொடிக்கு 180 லிட்டர், 97 டிகிரி. போர்கார்னெஸ், அக்ரானெஸ் என்ற இரண்டு ஊர்களுக்கும் அதிலிருந்துதான் குழாய் போகிறது. அக்ரானெஸ் வரை 64 கிலோமீட்டர்! தனித்தனியாக இந்த ஊர்கள் இதை நினைத்துப் பார்த்திருக்கவே முடியாது. எண்ணெய் விலை ஏறிய 1970களில்தான் அங்கே இந்த வேகம் பிறந்தது. ஜெர்மனியின் மூனிக் நகரத்துக்குக் கிழக்கே அஷ்ஹைம், ஃபெல்ட்கிர்ஷன், கிர்ஷ்ஹைம் என்ற மூன்று ஊராட்சிகள் 2008இல் ஒரு பொது நிறுவனம் தொடங்கின. உங்கள் கதை அப்படியே அதுதான். பாரிஸுக்குத் தெற்கே ஷெவிலி-லரூவும் லாய்-லெ-ரோஸும் 1985இல் சேர்ந்து ஆரம்பித்தன, பிற்பாடு வில்ஷுயிஃபும் சேர்ந்துகொண்டது. நாட்டு எல்லை தாண்டியும் நடக்கிறது. இன் ஆற்றின் ஒரு கரையில் ஆஸ்திரியாவின் பிரவ்னாவ், மறுகரையில் ஜெர்மனியின் சிம்பாக். 2001 முதல் இரண்டு ஊரையும் சூடாக்குவது ஒரே திட்டம்.

போர் பொய்த்துப் போவது பற்றி. உங்கள் பயம் சரியான பயம். செலவின் பெரிய பங்கு முதல் கிணற்றிலேயே போய்விடும், அது பலிக்குமா என்பது தோண்டி முடித்த பிறகுதான் தெரியும். இதற்கு நாடுகள் வழி கண்டுபிடித்திருக்கின்றன. ஐஸ்லாந்தில் அரசு நிதி ஒன்று தோண்டுவதற்குக் கடன் கொடுத்தது, கிணறு பலிக்காவிட்டால் திருப்பிக் கட்ட வேண்டாம் என்று. பிரான்சில் 1980களின் தொடக்கத்திலிருந்தே கூட்டு உத்தரவாத நிதி இருக்கிறது. முதலில் நீர் கிடைக்காமல் போவதற்கும், ஓட ஆரம்பித்த பின் ஊற்றில் ஏற்படும் குறைக்கும் அது தனித்தனியாக ஈடு கொடுக்கிறது. மூனிக் பக்கம் உன்டர்ஹாகிங்கில் தனியார் காப்பீடே எடுத்தார்கள். அங்கே 3,350 மீட்டர் ஆழத்தில் 122 டிகிரி வந்தது. ஆகவே கூட்டத்தில் "உத்தரவாதம் எங்கிருந்து?" என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் கையெழுத்து வேண்டாம்.

சரி, இப்போது நான் உண்மையில் சொல்ல வந்தது. அந்த ஒப்பந்தத்தில் ரிட்டர்ன் வெப்பநிலை என்று ஏதாவது இருக்கிறதா?

இருக்காது என்று நினைக்கிறேன். எல்லோரும் கிணற்றிலிருந்து எத்தனை டிகிரியில் மேலே வருகிறது என்பதையே பேசுவார்கள். ஆனால் வீடுகளைச் சுற்றிவிட்டு எத்தனை டிகிரியில் திரும்புகிறது என்பதில்தான் திட்டத்தின் உயிர் இருக்கிறது. ஒரு கணக்குப் போடுங்கள். கிணறு நொடிக்கு 80 லிட்டர், 80 டிகிரி தருகிறது என்று வையுங்கள். வலையிலிருந்து திரும்பும் நீர் 60 டிகிரி என்றால் கிணற்று நீரை அதற்குக் கீழே ஆற்ற முடியாது. 80 பெருக்கல் 4.2 (ஒரு லிட்டர் நீர் ஒரு டிகிரி ஆறினால் தரும் வெப்பம், கிலோஜூலில்) பெருக்கல் 20, சுமார் 6,700 கிலோவாட். அதே ரிட்டர்ன் 45 டிகிரி என்றால் வித்தியாசம் 35, சுமார் 11,800 கிலோவாட். அதே கிணறு, அதே பம்ப், அதே மின்சாரம். ஏறக்குறைய இன்னொரு முக்கால் கிணறு இலவசமாகக் கிடைக்கிறது. எக்ஸ்சேஞ்சரில் ஓரிரண்டு டிகிரி இடைவெளி போகும், அதை விட்டுவிடுகிறேன்.

இந்த ரிட்டர்னைக் கெடுப்பது கிணறு இல்லை. வீடுகளும் கட்டடங்களும்தான். அதனால்தான் இதை மூன்று ஊரும் சேர்ந்து முதலில் பேச வேண்டும். ஒரு ஊர் அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களைச் சரிசெய்து 45இல் திருப்பி அனுப்புகிறது, இன்னொரு ஊர் அலட்சியமாக 65இல் அனுப்புகிறது என்றால், முதல் ஊர் உழைத்து மிச்சம் பிடித்த வெப்பத்தை இரண்டாவது ஊர் ஒன்றும் செய்யாமல் கரைக்கிறது. பங்கு சதவீதத்தில் இது தெரியாது. இரண்டு குளிர்காலம் போனதும் சண்டையாக வரும். டென்மார்க்கில் பல வலைகளில் ரிட்டர்ன் சூடாகத் திருப்பினால் கூடுதல் கட்டணம், ஆறவைத்துத் திருப்பினால் தள்ளுபடி என்று பில்லிலேயே வைத்துவிட்டார்கள். உங்கள் ஒப்பந்தத்திலும் ஊருக்கு ஊர் எல்லையில் ஒரு மீட்டர், அதில் ஓட்டமும் இரண்டு வெப்பநிலையும், அதன்படி கணக்கு என்று எழுதச் சொல்லுங்கள்.

நிலவியல்_மாணவி எழுதியது:

குழாய்வழி அண்ணா சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். நிலத்துக்கு அடியில் நடப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

திருப்பிச் செலுத்தும் கிணறு ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சூட்டை எடுத்துக்கொண்டு அதே நீரை இன்னொரு கிணறு வழியாக அதே அடுக்குக்குள் விடுவது. இதைச் செய்யாமல் நீரை எடுத்துக்கொண்டே இருந்தால் அழுத்தம் குறையும், நீர்மட்டம் இறங்கும். ஸ்லோவேனியாவும் ஹங்கேரியும் பகிர்ந்துகொள்ளும் முரா-சாலா படுகையில் இதுதான் நடந்தது. எல்லையின் இருபக்கமும் குளியல் விடுதிகள், பசுமைக்குடில்கள், வீடுகள் என்று எல்லாரும் ஒரே மணற்கல் அடுக்கிலிருந்து எடுக்கிறார்கள், திருப்பிச் செலுத்துவது மிகக் குறைவு. மட்டம் இறங்கியது. பூமிக்கு மேலேதான் எல்லைக்கோடு, கீழே ஒரே தண்ணீர். 2010 முதல் 2013 வரை ஆஸ்திரியா, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா, ஸ்லோவேனியா நான்கு நாட்டு நிலவியல் துறைகளும் டிரான்ஸ்எனர்ஜி என்ற திட்டத்தில் சேர்ந்து உட்கார்ந்து, நிலத்தடி வெந்நீரைக் காட்டும் பொதுவான கணக்கு மாதிரி ஒன்றை உருவாக்கின. ஒவ்வொரு நாட்டின் தரவும் அவரவர் அலமாரியில் கிடந்தவரை யாருக்கும் முழுப் படம் தெரியவில்லை.

இதற்கு நேர்மாறாக, பிரவ்னாவ்-சிம்பாக் இருக்கும் கீழ் பவேரியா, மேல் ஆஸ்திரியா பகுதியில் இரண்டு பக்கமும் ஒரு பொது விதி வைத்திருக்கிறார்கள். வெப்பத்துக்காக எடுக்கும் நீர் திரும்ப உள்ளே போக வேண்டும். அதே ஊற்றை நம்பிப் பழைய மருத்துவக் குளியல் ஊர்களும் இருக்கின்றன, அவர்களைப் பாதிக்கக்கூடாது என்பதும் காரணம்.

ஆனால் திருப்பிச் செலுத்துவது எளிது என்று யாராவது சொன்னால் எந்தப் பாறை என்று கேளுங்கள். மூனிக் பக்கம் சுண்ணாம்புப் பாறை, விரிசல்கள் பெரியவை, நீர் சுலபமாக இறங்கும். மணற்கல் என்றால் நுண்துகள்கள் போய்த் துளைகளை அடைத்துவிடும், நல்ல வடிகட்டி வேண்டும், அழுத்தத்தைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். பாரிஸ் படுகையில் இன்னொரு தொல்லை. 1,500 முதல் 2,000 மீட்டர் ஆழத்தில் இருக்கும் நீர் உப்பும் சல்ஃபைடும் கலந்தது. 1980களில் தோண்டிய பல கிணறுகளின் இரும்புக் குழாய்களை அது அரித்துவிட்டது, சிலவற்றை மூடவே வேண்டியிருந்தது. பிறகு அரிப்பைத் தடுக்கும் திரவத்தைக் கிணற்றின் அடியிலேயே செலுத்தக் கற்றுக்கொண்டார்கள். இன்றைக்கு அங்கே பல கிணற்று ஜோடிகள் பல பத்தாண்டுகளாக ஓடுகின்றன.

நில அதிர்வு பற்றியும் உங்கள் ஊரில் கேட்பார்கள். 2006 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் பாசலில் 3.4 அளவில் அதிர்வு வந்து திட்டம் நின்றது உண்மை. அது நீர் இல்லாத ஆழமான கெட்டிப் பாறையை அழுத்தத்தால் பிளக்கும் முறை. உங்கள் ஊரில் வருவது ஏற்கெனவே நீர் இருக்கும் அடுக்கு என்றால் ஆபத்து வெகுவாகக் குறைவு. ஆனாலும் அதிர்வு அளக்கும் கருவிகளைத் தோண்டுவதற்கு முன்பே வைக்கச் சொல்லுங்கள், முன்பு நிலம் எப்படி இருந்தது என்ற பதிவு வேண்டும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

எனக்கு மாற்றுக் கருத்து. மூன்றாவது சின்ன ஊரை எதற்கு இதில் இழுக்கிறார்கள்? வெந்நீர்க் குழாய் பதிப்பதில் செலவே பள்ளம் தோண்டுவதுதான். வீடுகள் நெருக்கமாக இருந்தால் ஒரு மீட்டர் குழாய்க்கு நிறைய வெப்பம் விற்கலாம். வீடுகள் தள்ளித் தள்ளி இருந்தால் வெப்பத்தில் கணிசமான பங்கு மண்ணுக்குத்தான் போகும், அதற்கும் சேர்த்து எல்லாரும் பணம் கட்ட வேண்டும். அந்த வீடுகளில் தனித்தனி ஹீட் பம்ப் வைத்தால் போதும். ஒற்றுமை என்ற பெயரில் தப்பான இடத்தில் குழாய் போடாதீர்கள்.

குழாய்வழி எழுதியது:

கணக்குப்பிள்ளை சார் சொல்வது நியாயம். சின்ன ஊர் வரைக்கும் பெரிய குழாய் இழுக்க வேண்டும் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு விஷயம். அவர்களிடம் மரச்சீவல் பாய்லர் இருக்கிறது. புவிவெப்பக் கிணறு நாள் முழுக்க ஒரே அளவில் ஓட விரும்பும். கடுங்குளிர் காலை ஏழு மணிக்குத் தேவை திடீரென ஏறும்போது அதனால் எட்டிப் பிடிக்க முடியாது. அந்த உச்ச நேரத்துக்கு வேறொன்று வேண்டும், இல்லாவிட்டால் பழைய எரிவாயு பாய்லரையே வைத்துக்கொள்ள நேரும். அவர்களுடைய பாய்லருக்கும் உங்கள் வலைக்கும் தூரம் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். பக்கத்தில் என்றால் இணைப்பது லாபம். தூரம் என்றால் அவர்கள் தனி வலையாகவே இருக்கட்டும். பராமரிப்புக் குழு, உதிரிப் பாகங்கள், இரவுப் பணி ஆட்கள், இவற்றைப் பகிர்ந்துகொண்டாலே பெரிய விஷயம். ஒத்துழைப்பு என்றால் எப்போதும் குழாய்தான் என்று இல்லையே.

சூரிய வெப்பம் கேட்டிருந்தீர்கள். டென்மார்க்கின் எரோ தீவில் மார்ஸ்டல் என்ற ஊர் இருக்கிறது. 33,000 சதுர மீட்டருக்கு மேல் சூரியத் தகடுகள். கோடையின் சூட்டை 75,000 கன மீட்டர் கொள்ளும், மூடி போட்ட குளத்தில் சேர்த்து வைத்துக் குளிர் தொடங்கியதும் எடுக்கிறார்கள். கூடவே மரச்சீவல், ஹீட் பம்ப். சூரியனும் ஹீட் பம்பும் ரிட்டர்ன் ஆறி வந்தால்தான் நன்றாக வேலை செய்யும். சுற்றிச் சுற்றி அங்கேயே வருகிறேன், என் தொழில் அப்படி.

ஒரு அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வலையில் ஒரு பெரிய கட்டடம், எது என்று சொல்ல வேண்டாம். ஒரு குளிர்காலம் முழுக்க ரிட்டர்ன் 66 டிகிரி. காகிதத்தில் எல்லாம் சரி. எக்ஸ்சேஞ்சரைக் கழற்றித் தகடுகளைப் பார்த்தோம், வெள்ளையாகக் கொஞ்சம் படிவு, அவ்வளவுதான். கட்டுப்பாட்டு வால்வை மாற்றினார்கள், அப்போதும் 66. கடைசியில் ஒருநாள் அடித்தளத்தில் டார்ச்சோடு குழாய்களை ஒவ்வொன்றாகக் கையால் தொட்டுக்கொண்டே போனேன். ஒரு மூலையில், உறை போட்ட இரண்டு குழாய்களுக்கு நடுவே, கட்டைவிரல் தடிமனில் ஒரு சின்னக் குழாய். கை வைக்க முடியாத சூடு. போகிற நீரை ரேடியேட்டருக்கே அனுப்பாமல் நேரே திரும்பும் குழாய்க்குள் விட்டுக்கொண்டிருந்தது. பழுது பார்த்தபோது யாரோ திறந்த பைபாஸ் வால்வு, மூட மறந்திருக்கிறார்கள். சிவப்புக் கைப்பிடி, தூசி படிந்து பழுப்பாகிக் கிடந்தது. கால் சுற்றுத் திருப்பினேன். சாயங்காலம் 49 காட்டியது. அந்த வாரத்திலிருந்து காலையில் எரிவாயு பாய்லரைப் பற்றவைக்கும் வேலை எங்களுக்கு இல்லாமல் போனது. ஒரு கட்டடத்தில் கால் சுற்று. அதே தவறு மூன்று ஊர்களில் எத்தனை அடித்தளங்களில் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதைத் தேட ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளமும் கதவுச் சாவியும் கொடுக்கும் ஒரு வரி ஒப்பந்தத்தில் வேண்டும்.

கோபன்ஹேகன் பகுதியில் 1984லேயே பல நகராட்சிகள் கூடி வெப்பத்தைக் கடத்தும் பொது அமைப்புகளை உருவாக்கின. அவற்றில் ஒன்றான சிடிஆரில் ஐந்து நகராட்சிகள் பங்காளிகள். பெரிய குழாய் பொது அமைப்பிடம், தெருவுக்குள் போகும் குழாய் உள்ளூர் அமைப்புகளிடம். யார் எதற்குப் பொறுப்பு என்ற கோடு எங்கே விழுகிறது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். உங்கள் வரைவில் அந்தக் கோடு எங்கே என்று விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாம்மாடி எழுதியது:

அண்ணா, மாணவி அக்கா, கணக்குப்பிள்ளை சார், எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு இதையெல்லாம் தாளில் எழுதிக்கொண்டேன்.

இன்று காலை காவலாளியிடம் சாவி வாங்கிக்கொண்டு முதல் முறையாக எங்கள் பாய்லர் அறைக்குப் போனேன். இரண்டு வெப்பமானிகள் இருக்கின்றன. ஒன்று புழுதி மூடி இருந்தது, துணியால் துடைத்தேன். போவது 76, திரும்புவது 63. காவலாளி இந்தக் கட்டடத்தில் 19 வருடமாக இருக்கிறார். இந்த இரண்டாவது எண்ணை யாரும் கேட்டதே இல்லை என்றார்.

ஒரு சந்தேகம். எங்கள் ரேடியேட்டர்கள் பழையவை, பெரியவை. இவற்றால் 45 வரை ஆற்ற முடியுமா, இல்லை எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா? மாற்றுவதென்றால் குழுவில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்.

குழாய்வழி எழுதியது:

பெரியவை என்றால் அது உங்கள் அதிர்ஷ்டம். பரப்பு அதிகம் இருப்பதால் மெதுவாக ஓடவிட்டால் நன்றாக ஆறும். மாற்ற வேண்டாம். பெரும்பாலான பழைய கட்டடங்களில் பம்புக்குப் பக்கத்து வீடுகளுக்கு நீர் அளவுக்கு மேல் ஓடும், மேல் மாடிக்குப் போதாது. ஒவ்வொரு ரேடியேட்டரிலும் வால்வில் முன்கூட்டியே ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு உண்டா என்று பாருங்கள். இருந்தால் ஒவ்வொன்றையும் அதன் அளவுக்கு ஏற்பச் சரிசெய்யலாம். 48 வீட்டுக்கு இரண்டு ஆட்கள், ஒரு வாரம் ஆகலாம். பம்பின் வேகத்தையும் குறையுங்கள், அநேகமாக உச்சத்தில் வைத்திருப்பார்கள். கடைசி மாடிக் கடைசி அறை சூடாகிறதா என்று மட்டும் கவனியுங்கள், அங்கே குறைந்தால் வேகத்தைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும்.

45க்கு வராவிட்டாலும் 50க்கு வந்தால் நீங்கள் கூட்டத்தில் தைரியமாகப் பேசலாம்.

மூன்றாம்மாடி எழுதியது:

பம்பு மூன்றாம் வேகத்தில் இருந்தது. இரண்டுக்கு மாற்றி நான்கு நாள் ஆகிறது. கடைசி மாடியில் இருப்பவர் ஒரு பாட்டி, தினமும் போய் அவர் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்க்கிறேன், சூடாகத்தான் இருக்கிறது. திரும்புவது இன்று காலை 57. வால்வுகளைச் சரிசெய்ய ஆள் வரச் சம்மதித்திருக்கிறார்.

கூட்ட நிகழ்ச்சி நிரலில் மூன்று கேள்விகளைச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன்: கிணறு பொய்த்தால் உத்தரவாதம் எங்கிருந்து, திருப்பிச் செலுத்தும் கிணறு எந்தப் பாறையில், ஒவ்வொரு ஊரின் எல்லையிலும் ரிட்டர்ன் மீட்டர் உண்டா. முதல் ஊரின் பிரதிநிதி போன் செய்து மூன்றாவது கேள்வி என்னவென்று விளக்கச் சொன்னார். பாய்லர் அறைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை வருகிறார்.